ஒல்லிப் பத்தினிப்பிள்ளை

உலகத்தில் இதுவரை தடயம் விடாமல் எந்தக் குற்றமும் நடந்ததில்லை. துப்பறியும் நிபுணர் கோணாமலையின் கண்ணுக்குத் தப்பிய தடயமும் இதுவரை பிறந்ததில்லை. இந்த இரண்டு உண்மைகளும் அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தன. அந்த வியாழக்கிழமை காலை, வழக்கின் ஒரே தடயத்தைக் காணவில்லை என்று அவர் வாழைச்சேனையில் ஒருமுறையும் மாங்கேணியில் ஒருமுறையும் ஸ்கூட்டியை நிறுத்தச் சொல்லி, இறங்காமலே தேடினார்.

"ஒருக்கா எழும்புங்க மாமா," என்றாள் தனுஷியா.

எழும்பினார். பழுப்பு உறை ஒன்று ஸ்கூட்டியின் பின் இருக்கையில் அப்பளம் போல ஒட்டிக் கிடந்தது. மட்டக்களப்பில் ஏறியதிலிருந்து அவர் அதன்மேல்தான் உட்கார்ந்து வந்திருந்தார்.

"பத்திரமா இரிக்கட்டும் எண்டுதான்," என்றார் கோணாமலை.

"ஓம். இனி அதை அசைக்க ஆராலும் ஏலாது."

தனுஷியா அவருடைய அக்காவின் மகள். வந்தாறுமூலை வளாகத்தில் பட்டம் வாங்கிவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தாள். யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும் வேலைக்கடிதம் வந்தபாடில்லை. அதுவரைக்கும் மாமாவுக்கு உதவியாளர், சாரதி, மாமாவின் கணிப்பில் முன்னேற்றத்துக்குத் தடை. ஸ்கூட்டி அவளுடையது.

கார்டின் முன்பக்கத்தில் கோட்டும் டையும் கட்டிய ஒரு மெலிந்த மனிதர் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் செங்கலடியில் அச்சடித்த கார்டு. கல்லடிப் பாலத்தில் காலை நடை போகத் தொடங்கிய சில நாட்களிலேயே உடம்பு இப்படி இறங்கிவிட்டது என்று கோணாமலை சந்தித்த எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஸ்கூட்டியின் பின் சில்லு மட்டும் அதை நம்பாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் முனகியது. சட்டையை அவர் எப்போதும் வெளியே விட்டிருப்பார். மாறுவேடத்தின் முதல் படி அதுதான் என்பது அவர் கட்சி.

உறைக்குள் இருந்தது ஒரு படம். பனிச்சங்கேணி மீனவர் சங்கத் தலைவர் சிவபாதம் அதை பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். மேசையில் மாலை போட்ட புத்தம்புது தோணி எஞ்சின். பக்கத்தில் ஊதா நிறச் சீலை கட்டிய ஒல்லியான பெண். பின்னால் சுவரில் சாத்திய சைக்கிள். இடது ஓரத்தில், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, எஞ்சினைத் தொடும் ஒரு கை. வெண்டிக்காய் மாதிரி நீண்ட விரல்கள். ஒன்றில் நவரத்தின மோதிரம்.

"ஒல்லியான பொம்புள ஒருத்தி," என்றார் கோணாமலை. "ஒல்லியான ஆம்புள ஒருத்தன். கூட்டுச் சதி."

"ரெண்டு பேரும் சாப்பிடாமத் திட்டம் போட்டிரிப்பாங்க," என்றாள் தனுஷியா.

---

சங்கக் கட்டிடத்தின் வாசலில் மூங்கில் நட்டுப் பெரிய பெனர் ஒன்று கட்டியிருந்தார்கள். கூப்பிய கைகளுடன் நெடுநெடுவென்று ஓர் ஆள் அதில் சிரித்தார். கீழே 'எங்கள் விடிவெள்ளி தலைவர் சிவபாதம்' என்றிருந்தது. பெனருக்குக் கீழே கதிரையை நிறைத்துக்கொண்டு இன்னோர் ஆள் இருந்தார்.

"பெனர்ல இரிக்கிறது உங்கட மகனோ?" என்று கேட்டாள் தனுஷியா.

"நான்தான்," என்றார் கதிரையில் இருந்தவர். பிறகு எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். மேடை, ஒலிவாங்கி, கூட்டம் எதுவும் இல்லை. அவருக்கு அவை தேவைப்படவும் இல்லை. "துப்பறியும் பெருந்தகை அவர்களே! ஆழிப் பேரலையும் அடுத்து வந்த போரும் அசைக்க முடியாத எமது சங்கத்தின் மீது இன்று ஒரு களங்கம்..."

"தலைவர், நான் சொல்றன்," என்று குறுக்கே வந்தாள் பத்தினிப்பிள்ளை.

ஐம்பது வயதிருக்கும். ஊதா நிறச் சீலை. அகலமான முகம், அதைவிட அகலமான தோள். தோணியைத் தனியாகவே தண்ணீருக்குள் தள்ளும் தோள் அது. படத்தை வாங்கி, நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, அண்டைக்கு எஞ்சின் குடுக்கக்குள்ள இந்த இடத்துல நிண்டது நான்தான். சீலை என்ட சீலை. மூக்குத்தி என்டது. ஆனா இந்தப் பொம்புள நானில்ல. படமெல்லாம் எஞ்சின் தந்த கொழும்பு நிறுவனத்துக்குப் போச்சு. அங்கயிருந்து ஒரு துரை வந்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாத்துப்போட்டு, 'உங்கட பேர்ல வேற ஆரோ நிண்டிரிக்காங்க, இது ஆள்மாறாட்டம்' எண்டிட்டார். என்ட பாதிய மட்டும் பெரிசாக்கி, இந்தப் படத்தத் தலைவர்ட கையில குடுத்துப்போட்டுப் போனார். எஞ்சினக் களஞ்சியத்துக்குள்ள வைச்சுப் பூட்டியாச்சு. நாளைக்கு லொறி வருதாம், திருப்பி ஏத்த."

"மத்தவங்கட படம்?"

"அதெல்லாம் சரியாம். என்ட படம்தான் பிழையாம்."

அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சுனாமியில ஒரு தோணி போச்சு. மறுகா சண்டைக்குப் பயந்து ஓடக்குள்ள ஒண்டக் கரையில விட்டுட்டு ஓடினம். வந்து பாத்தா ஒரு பலகையும் இல்ல. இது மூண்டாவது. வாடைக்காத்துத் தொடங்கினா வாவி வாயில துடுப்புப் போட்டு ஏறேலா ஐயா. எஞ்சின் இல்லாட்டி மாரி முழுக்க நான் கரையில குந்தியிருந்து தோணிக்குக் கத சொல்லத்தான்."

கோணாமலை கண்ணை மூடினார். அப்படி மூடினால் ஒன்று சிந்திக்கிறார், அல்லது தூங்குகிறார்.

"உங்கட சாயல்ல, ஆனா ஒல்லியா, சொந்தக்காரர் ஆரும் இரிக்காங்களா?"

பத்தினிப்பிள்ளை வாயைத் திறக்குமுன் சிவபாதம் முந்திக்கொண்டார். "தங்கச்சி ஒருத்தி! கண்ணகை! குமராயிரிக்கக்குள்ள ஈர்க்கில் மாதிரி. அகதி முகாமில சண்ட பிடிச்சு ரெண்டு பேரும் இப்ப கதையே இல்ல."

"ஒரு கறிச்சட்டியால வந்த சண்ட," என்றாள் பத்தினிப்பிள்ளை, தரையைப் பார்த்தபடி.

கோணாமலை கண்ணைத் திறந்தார். "வழக்கு முடிஞ்சுது."

"மாமா, ஒரு சின்னச் சந்தேகம்," என்றாள் தனுஷியா. "ஒல்லிக்காரி வந்தாள், அக்காட சீலையக் கட்டிக்கொண்டு படத்துக்கு நிண்டாள், எஞ்சின எடுக்காமப் போயிட்டாள். அப்ப என்னத்துக்கு வந்தவள்?"

"அதுதான் அவள்ர கெட்டித்தனம்."

---

கண்ணகையின் வளவு கூப்பிடு தூரம். படலையைத் திறந்ததும் கோணாமலை தனுஷியாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். வேலியோரம் ஒரு சைக்கிள். கறுப்புச் சட்டம், பின்னால் மீன்பெட்டி கட்டும் இரும்பு, மணியில் மஞ்சள் நூல். படத்தில் இருந்த அதே சைக்கிள்.

"ஆள் சிக்கிற்று," என்று கிசுகிசுத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "கண்ணகை! வெளியில வாங்க! உங்கட மெலிவே உங்களக் காட்டிக் குடுத்திற்று!" என்று கூவினார்.

வாசலுக்கு வந்தவள் உடனே வெளியே வரவில்லை. முதலில் ஒரு தோளைச் சாய்த்தாள், பிறகு மறுதோளைச் சாய்த்தாள், அதன்பிறகே வாசல் அவளை விட்டது. பத்தினிப்பிள்ளையை ஒன்றரை மடங்காக்கினால் கண்ணகை.

"ஆருகா மெலிவு?" என்று கேட்டாள்.

தனுஷியா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோணாமலை படத்தை நீட்டி, குரலில் பாதியை விழுங்கியபடி விஷயத்தைச் சொன்னார். கண்ணகையின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இது நான் எண்டு நினைச்சா வந்தீங்க? என்னையா? தலைவரா சொன்னவர்?" அவள் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்து, புருஷனுக்குக் கேட்கும்படி சத்தமாக, "டவுனால ஆக்கள் வந்து என்ன ஒல்லி எண்டு சொல்றாங்க!" என்றாள். "இரிங்க ஐயா. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

சைக்கிள் அவள் புருஷனுடையதுதான். விழாவுக்குக் கதிரை ஏற்றிப் போய்ச் சுவரில் சாத்தியிருந்தானாம். அக்கா ஊதா நிறச் சீலையில் நின்றதைத் தான் தூரத்திலிருந்து பார்த்ததாகவும் சொன்னாள். "பேசுறதில்லதான். ஆனா பாக்காம இரிப்பனா? அக்காதான் நிண்டவ. முழு அக்கா. இந்தப் பாதி அக்கா இல்ல."

வழக்கு முடிந்துவிட்டதாகக் கோணாமலை சொன்னது உண்மைதான். முடிந்து, திரும்பத் தொடக்கத்துக்கே போயிருந்தது. அவர் படத்தை முக்காலியில் வைத்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கினார். தனுஷியா குடித்த தேத்தண்ணிக் கிளாசை அதன்மேல் வைத்தாள்.

"தனு! தடயத்துக்கு மேல தேத்தண்ணியா!"

"இவ்வளவு நேரம் அதுக்கு மேல இருந்தது நீங்க. கிளாஸ் பாரம் குறைவு."

அவர் கிளாசைப் பறித்தார். படத்தில் ஈர வளையம் ஒன்று. அது சரியாகச் சைக்கிளின் முன்சில்லைச் சுற்றி விழுந்திருந்தது. துடைக்கப் போன கை நின்றது. மேலேயும் கீழேயும் சில்லு வளையத்தை முட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கமும் இடப்பக்கமும் சில்லுக்கும் வளையத்துக்கும் நடுவே விரல் வைக்க இடம் இருந்தது.

கோணாமலை படத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரத்துக்கு ஓடினார். உண்மையான சில்லைச் சுற்றிவிட்டார். அது வட்டமாகச் சுற்றியது. படத்தைப் பார்த்தார். அதிலிருந்தது நிமிர்த்தி வைத்த முட்டை.

"தனு," என்றார். இந்தமுறை குரலில் பாசாங்கு இல்லை. "இந்தச் சைக்கிள ஆள்மாறாட்டம் செய்ய ஏலுமா?"

தனுஷியா கிட்டே வந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. "சைக்கிளும் மெலிஞ்சிரிக்கு மாமா!"

"பொம்புள மெலிஞ்சாள். சைக்கிள் மெலிஞ்சுது. அந்தக் கையும் மெலிஞ்சுது. ஆள் மாறல்ல, படம்தான் ரெண்டு பக்கத்தாலயும் நெரிபட்டிரிக்கு. இந்தப் படங்களக் கொழும்புக்கு அனுப்பினது ஆர்?"

---

அனுப்பியவன் செங்கலடிச் சந்தியில் ஃபோன், ஈமெயில் எல்லாம் பார்க்கும் கொமினிகேஷன் கடை வைத்திருந்த நிலோஜன். சிவபாதத்தின் வேனில் அவரும் பத்தினிப்பிள்ளையும் முன்னால் வர, ஸ்கூட்டி முனகிக்கொண்டு பின்னால் வந்தது. வழியெல்லாம் சிவபாதம் 'அந்நியச் சக்திகள்' பற்றிப் பேசிக்கொண்டு வந்ததாகப் பத்தினிப்பிள்ளை இறங்கும்போது சொன்னாள்.

நிலோஜன் மெலிந்த பையன். அவன் உண்மையாகவே மெலிந்தவன் என்பதைக் கோணாமலை கதவு நிலையில் வைத்து ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டார்.

"ஓம் சேர், நான்தான் அனுப்பினன்," என்றான் நிலோஜன். "கமராவில எடுத்த படம் ஒவ்வொண்டும் மலை மாதிரி. கொழும்பு ஈமெயில் அதை விழுங்காது, திருப்பித் துப்பிரும். இத்தன படத்தையும் ஒவ்வொண்டாத் திறந்து சின்னதாக்கினா நான் எப்ப வீட்ட போறது? அதுதான் இப்பிடி."

திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தான். படமும் இல்லை, பொத்தானும் இல்லை. வெள்ளை எழுத்துகள் மட்டும். "ஒரு வரி எழுதுற. படத்தைச் சுருக்கு, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. கடைசில ஒரு நட்சத்திரம் போட்டா இந்த ஃபோல்டர்ப் பெட்டிக்குள்ள இரிக்கிற எல்லாப் படத்துக்கும் ஒரேயடியா நடக்கும். தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள எல்லா ஃபைலும் சின்னதாகிரும்."

"சின்னதாகட்டும்," என்றார் கோணாமலை. "ஏன் ஒல்லியாகுது?"

நிலோஜன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். ஒரு கணம் சிவபாதத்தைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

"சாதாரணமா ஆகாது சேர். அகலமும் உயரமும் சேர்ந்துதான் குறையும். ஆனா பின்னால ஒரு ஆச்சரியக்குறி போட்டா, அது ஒண்டும் கேக்காது. அகலத்த மட்டும் குறை எண்டாலும் குறைச்சுப்போடும்."

"ஆச்சரியக்குறிய நீ ஏன் போட்டாய்?"

மின்விசிறி சுற்றியது. கோணாமலை மெல்லத் திரும்பி, சிவபாதத்தின் வலது கையைப் பிடித்து மேசையில் வைத்தார். பருத்த விரல்கள். நடுவிரலில் சதைக்குள் புதைந்த நவரத்தின மோதிரம். பக்கத்தில் படத்தை வைத்தார். வெண்டிக்காய் விரல்கள், அதே மோதிரம், அதே கற்கள், முட்டை வடிவில்.

"நாங்க தேடின ஒல்லி மனுசன் நீங்கதான் தலைவர்."

சிவபாதம் கதிரையைத் தேடினார். இருந்த ஒரே கதிரையில் தனுஷியா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

நிலோஜன் கொட்டிவிட்டான். "முதல்ல ஒழுங்காத்தான் குறைச்சன். தலைவர் வந்து பாத்துப்போட்டு, 'தம்பி, கொழும்பில பெரிய ஆக்கள் பாப்பாங்க, என்னக் கொஞ்சம் மெலிவாக் காட்டேலாதா' எண்டார். இவங்கட சங்கத்துல ஆருக்கு என்ன குடுத்தாலும் தலைவர் ஒரு கையால சாமானத் தொட்டுக்கொண்டு நிக்கோணும். அப்ப எல்லாப் படத்துலயும் தலைவர். அதுதான் நட்சத்திரம் போட்டு எல்லாத்தையும் மெலிய வைச்சன். பெனருக்கு எடுத்த, தலைவர் கும்பிட்டு நிக்கிற படமும் அதுக்குள்ளதான் கிடந்தது."

"மத்தவங்களுக்கு ஏன் பிழைக்கல்ல?" என்று கேட்டாள் தனுஷியா. கேட்டவளே பதிலையும் சொன்னாள். "மத்தவங்க ஏற்கெனவே கொக்கு மாதிரி! இன்னும் கொஞ்சம் மெலிஞ்சது ஆருக்கு விளங்கும்? அந்த விழாவில படத்துக்கு நிண்ட சதை உள்ள ஆக்கள் ரெண்டே பேர். ஒராளக் கொழும்புத் துரை வெட்டி எறிஞ்சிட்டார், மத்த ஆளக் கள்ளி எண்டிட்டார்."

பத்தினிப்பிள்ளை தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் அவர் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. "உங்கட வயித்துக்காகவா என்ட எஞ்சின் போகப் போகுது?" என்று மட்டும் கேட்டாள்.

"பழைய படங்கள அனுப்பு!" என்று கத்தினார் சிவபாதம்.

"இல்ல தலைவர். அந்த வரி பழசுக்கு மேலேயே எழுதிரும். கமராவையும் உங்கட செயலாளர் துடைச்சிட்டார், அடுத்த விழாவுக்கு இடம் வேணும் எண்டு."

களஞ்சியம், பூட்டு, நாளைய லொறி எல்லாம் அந்தச் சிறிய அறைக்குள் வந்து நின்றன. கோணாமலை கண்ணை மூடினார். இந்தமுறை நிச்சயமாகச் சிந்தித்தார்.

"நெரிச்ச வரியால விரிக்க ஏலாதா?"

"ஏலும் சேர். ஆனா எவ்வளவு விரிக்கிறது? பழைய அளவு எனக்கு ஞாபகமில்ல."

"தனு, பக்கத்துக் கடையில ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் வாங்கிக்கொண்டு வா."

வந்தது. நிலோஜன் பத்தினிப்பிள்ளையின் வெட்டாத முழுப் படத்தைத் திரையில் போட்டு, சைக்கிள் சில்லின் உயரம் கிளாசின் அடிக்குச் சரியாகும்வரை பெரிதாக்கினான். தனுஷியா கிளாசைச் சில்லின்மேல் பிடித்துக்கொண்டாள். நிலோஜன் ஒரு வரி எழுதித் தட்டினான். படம் கொஞ்சம் அகன்றது.

"முட்டைதான். இன்னும்!"

தட்டினான். பத்தினிப்பிள்ளைக்குத் தோள் வந்தது.

"இன்னும்!"

கன்னம் வந்தது. வாசலில் ஃபோட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். பத்தினிப்பிள்ளை தானே தன்னை உற்சாகப்படுத்தினாள். "வா, வா, இன்னும் கொஞ்சம் வா!" ஓரத்தில் சிவபாதமும் ஒவ்வொரு தட்டலுக்கும் அகன்று, சேட்டுப் பொத்தான்கள் தெரிய, பழைய ஆளாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்று கெஞ்சினார் அவர். "அவவ மட்டும் பெருப்பிக்க ஏலாதா?"

"சைக்கிளக் கேளுங்க தலைவர்," என்றாள் தனுஷியா. "பிடி! போதும்! வட்டம்!"

கிளாசும் சில்லும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நின்றன. திரையில் நின்றது பத்தினிப்பிள்ளை. முழுப் பத்தினிப்பிள்ளை. அவள் கை வைத்துத் திரையில் தன் கன்னத்தைத் தொட்டாள். "இப்பதான் நான்," என்றாள்.

"தலைவர், கொழும்புக்கு ஃபோன் எடுங்க," என்றார் கோணாமலை. "காரணத்த நீங்களே சொல்லுங்க."

சிவபாதம் ஃபோனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். "மதிப்புக்குரிய..." என்று தொடங்கியவர் அங்கேயே நின்றார். பிறகு, பெனர் கட்டிய எவரும் கேட்டிராத சின்னக் குரலில், "சேர், அது... படத்துல நான் கொஞ்சம் மெலியக் காட்ட ஆசப்பட்டுட்டன்," என்றார். மறுமுனையில் எழுந்த சிரிப்பு ஃபோனிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து சந்திக்கும் கேட்டது. சிரிப்பு ஓய்ந்தபின் அந்தக் குரல் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது: சரியான படத்தை அனுப்புங்கள், லொறி வராது, அம்மா எஞ்சினை எடுத்துக்கொள்ளட்டும்.

பத்தினிப்பிள்ளை முகத்தை ஊதா நிறச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மூடியபடியே, "திரும்பிப் போற வழியில கண்ணகைட படலையில ஒருக்கா வேன நிப்பாட்டுங்க தலைவர்," என்றாள். "அவட சைக்கிள்தான் என்னக் காப்பாத்தினது."

நிலோஜன் பெட்டியில் இருந்த எல்லாப் படங்களுக்கும் சேர்த்துக் கடைசியாக ஒரு வரி எழுதினான். அகலத்துக்குப் பின்னால் ஆச்சரியக்குறி, முடிவில் நட்சத்திரம். ஃபைல் மிகவும் பெரிதாகிக் கொழும்பின் தொண்டையில் சிக்காமல் இருக்க, தரத்தைக் கொஞ்சம் குறைத்தும் விட்டான். திரையில் படங்கள் வரிசையாக விரிந்தன. எஞ்சின், தலைவர். வலை, தலைவர். தையல் மெஷின், தலைவர்.

"துப்பறிவு எண்டது கண்ணில இல்ல தனு, ஒழுக்கத்தில இரிக்கு," என்று தொடங்கினார் கோணாமலை. "என்னைப் பார். காலை நடை. கட்டுப்பாடு. உடம்பு..."

"மாமா," என்றாள் தனுஷியா, திரையை அவர் பக்கம் திருப்பி. "இந்தக் கடைசிப் படம் ஆர்?"

கோட்டும் டையும் கட்டிய ஒரு பருத்த மனிதர் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சேர் இங்க அடிச்ச விசிட்டிங் கார்டுப் படம்," என்றான் நிலோஜன் தலையைச் சொறிந்தபடி. "அண்டைக்குத் தவறி அந்தப் பெட்டிக்குள்ள கிடந்திரிக்கு. நட்சத்திரம் ஆளப் பாக்காது சேர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கோணாமலை சட்டையைக் கீழே இழுத்துவிட்டார்.

காலையிலிருந்து அவருடைய காற்சட்டையின் மேல் பொத்தான் பூட்டியிருக்கவில்லை.